சிறுநீரில் ஆர்சனிக் அதிகம் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது, கடல் உணவை விட்டுவிடவா?

கேள்வி கேட்டவர் சிங்கப்பூரில் இருக்கிறார். உடல் பரிசோதனையில் சிறுநீரில் ஆர்சனிக் சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறதாம். இறால், மீன் எல்லாவற்றையும் அடியோடு நிறுத்த வேண்டுமா, குழாய்த் தண்ணீருக்கு ஃபில்டர் வாங்க வேண்டுமா என்று கேட்கிறார். முதலில் இதைச் சொல்லுங்கள்: பரிசோதனைக்கு முந்தின இரண்டு மூன்று நாளில் என்ன சாப்பிட்டீர்கள்? உங்கள் ரிப்போர்ட்டை நான் பார்த்ததில்லை, ஆனாலும் அதில் மொத்த ஆர்சனிக் என்று ஒரே ஒரு எண் தான் இருக்கும், எந்த வகை ஆர்சனிக் என்று இருக்காது. அந்த ஒரு எண்ணைக் காட்டி யாராவது உங்களிடம் எதையாவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

நான் டாக்டர் இல்லை, இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஜூரோங் பக்கம் ஒரு தனியார் ஆய்வகத்தில் உணவு, தண்ணீர், பாரம்பரிய மருந்து ஆகியவற்றில் உலோகம் அளக்கும் வேலை எனக்கு, பல வருடமாக. சிகிச்சை பற்றி உங்கள் டாக்டரைத்தான் கேட்க வேண்டும். ஆனால் அந்த எண் எங்கிருந்து வருகிறது, அதில் எதெல்லாம் கலந்திருக்கிறது என்பதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. என் மாமனாருக்கு எழுபது வயது நிறைந்தபோது நாத்தனார் ஆசையாக ஒரு தனியார் கிளினிக்கில் முழு உடல் பரிசோதனைக்குப் பணம் கட்டினார். சர்க்கரை, கொழுப்பு வகையறாவோடு நச்சு உலோகங்கள் என்று ஒரு பகுதியும் அந்தப் பேக்கேஜில் இருந்தது. ரிப்போர்ட் வந்த அன்றே கிளினிக்கிலிருந்து போன். ஆர்சனிக் பல மடங்கு இருக்கிறது, உடனே வந்து நச்சை நீக்கும் மருந்தை டிரிப்பில் ஏற்றிக்கொள்ளுங்கள், தொடர்ந்து பல முறை வரவேண்டும், ஆயிரக்கணக்கில் சிங்கப்பூர் வெள்ளி ஆகும் என்றார்கள். மாமியார் அன்று ராத்திரியே சமையலறையைத் தலைகீழாக்கிவிட்டார். பித்தளைப் பாத்திரமெல்லாம் அலமாரி மேல் ஏறியது. அரிசியில் ஆர்சனிக் இருக்கிறது என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்ததால் சோறு நின்று, மூன்று வேளையும் சப்பாத்தி. கடைசியில் பழி சின்ன மாமா தலையில் விழுந்தது. மாமனாரின் தம்பி அவர். ஊருக்குப் போய்விட்டு வந்தபோது மூட்டுவலிக்கு என்று சிவப்பாக ஒரு செந்தூரப் பொடி வாங்கி வந்து கொடுத்திருந்தார். "கூடப் பிறந்த அண்ணனுக்கு விஷத்தைக் கொண்டாந்து குடுத்துட்டாரே" என்று மாமியார் சொன்னது அவர் காதுக்கும் போய், அந்தத் தீபாவளிக்கு இரண்டு குடும்பமும் பேசிக்கொள்ளவே இல்லை.

நான் மாமனாரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "மாமா, டெஸ்ட்டுக்கு முந்தின நாள் என்ன சாப்பிட்டீங்க?"

"என்னம்மா மறந்துட்டியா, பேரன் பிறந்தநாளுக்கு எல்லாரும் தேக்காவுல சாப்பிட்டோமே. மீன் தலைக் கறி, இறால் சம்பால், கணவாய். காலையில நாசி லெமாக்."

நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றில் இக்கான் பிலீஸ் என்ற நெத்திலிக் கருவாடு வேறு. கிளினிக்கில் இதை யாருமே கேட்கவில்லை. பரிசோதனைக்கு முன் நிரப்பிய படிவத்தில் அப்படி ஒரு கேள்வியே கிடையாது. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான், இன்னும் தீரவில்லை.

கடலில் வாழும் எல்லாவற்றிலும் ஆர்சனிக் உண்டு. ஒரு கிலோ இறாலில் சில மில்லிகிராம் இருப்பது சர்வ சாதாரணம். தீட்டிய அரிசிக்கு கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் தான், அதுவும் கார்பனோடு சேராத கனிம ஆர்சனிக்குக்கு மட்டும். வெறும் எண்ணைப் பார்த்தால் இறாலைச் சட்டியில் போடவே கூடாது போலத் தோன்றும். ஆனால் இறாலில் இருப்பதில் பெரும்பகுதி ஆர்சனோபீட்டைன் என்ற சேர்மம். 1977இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் சிங்கி இறாலிலிருந்து பிரித்தெடுத்து அதன் அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். நடுவில் ஓர் ஆர்சனிக் அணு, மூன்று பக்கம் மீத்தைல் என்ற சின்னக் கார்பன் துண்டுகள் மூன்று, நான்காவது பக்கம் ஓர் அசெட்டிக் அமிலத் துண்டு. நம் உடம்பு அதைத் தொடுவதே இல்லை, உள்ளே போன வடிவத்திலேயே ஓரிரண்டு நாளில் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். நல்ல கடல் உணவு விருந்து ஒன்று போதும், சிறுநீரில் மொத்த ஆர்சனிக் லிட்டருக்குப் பல நூறு மைக்ரோகிராம் ஏறிவிடும், ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. ஆளுக்கு ஒன்றும் ஆகாது.

ஆளைக் கொல்வது கனிம ஆர்சனிக். வங்காளதேசத்திலும் மேற்கு வங்கத்திலும் குழாய்க் கிணற்று நீரில் வந்து தோலிலும் நுரையீரலிலும் சிறுநீர்ப்பையிலும் புற்றுநோயாக முடிகிறதே, அதுதான். எங்கள் லேப்புக்கு மாதிரிகளைக் கொண்டு வரும் வங்காளதேசத்துத் தம்பி ஒருவர், தங்கள் ஊரில் கிணற்றுக் குழாய்க்குச் சிவப்புப் பெயின்ட் அடித்திருந்தால் குடிக்கக் கூடாது, பச்சை என்றால் குடிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அந்தக் கனிம ஆர்சனிக் உடம்புக்குள் போனால் ஈரல் அதில் மீத்தைலை ஒவ்வொன்றாக ஒட்டி எம்எம்ஏ, டிஎம்ஏ என்று மாற்றி வெளியேற்றும். ஆகவே உங்களுக்குத் தெரிய வேண்டியது கனிம ஆர்சனிக், எம்எம்ஏ, டிஎம்ஏ மூன்றின் கூட்டுத்தொகை. ஆர்சனிக் புழங்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கே இந்தக் கூட்டுத்தொகையில் லிட்டருக்கு 35 மைக்ரோகிராம் என்றுதான் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். மொத்த எண்ணைக் கொண்டுபோய் இந்த 35 பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது அர்த்தமே இல்லாத வேலை.

இதை எப்படிப் பிரிக்கிறோம் என்று கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் மெஷினில் ஊற்றினால் விடை வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். நாங்கள் பயன்படுத்துவது ஐசிபி எம்எஸ் என்ற கருவி. ஆர்கான் வாயுவைச் சில ஆயிரம் டிகிரி சூட்டில் பிளாஸ்மாவாக்கி அதில் மாதிரியைத் தெளித்தால் எல்லாச் சேர்மமும் அணு அணுவாக உடைந்துவிடும், அப்புறம் எடையைப் பார்த்து எண்ணுவோம். ஆர்சனிக்கின் எடை 75. சிக்கல் என்னவென்றால் சிறுநீரிலும் கடல் உணவிலும் உப்பு இருக்கிறது. ஆர்கான் 40, குளோரின் 35, இரண்டும் சேர்ந்து ஒட்டிக்கொண்டால் அதுவும் 75. ஹீலியம் நிரப்பிய செல் வழியாக அனுப்பி இந்தப் போலியை வடிகட்டாவிட்டால் உப்பையே ஆர்சனிக் என்று மெஷின் படித்துவிடும். சரி, அதைத் தாண்டினாலும் கிடைப்பது மொத்தம் தான், பிளாஸ்மாவுக்குள் போனதும் எது எந்தச் சேர்மமாக இருந்தது என்ற அடையாளமே அழிந்துவிடுகிறதே. அதனால் மெஷினுக்கு முன்னால் அயனிப் பரிமாற்றத்தால் பிரிக்கும் ஒரு குழாய் வைத்து ஒவ்வொன்றாக வெளியே வரச் செய்வோம். டிஎம்ஏ, எம்எம்ஏ, கடைசியாகக் கனிம ஆர்சனிக்கின் ஒரு வடிவமான ஐந்திணைதிற ஆர்சனிக் என்று தனித்தனிப் பீக்காக, அதாவது திரையில் தனித்தனி மேடாக வரும். ஆனால் ஆர்சனோபீட்டைனும் கனிமத்தின் இன்னொரு வடிவமான மூவிணைதிற ஆர்சனிக்கும் ஆரம்பத்திலேயே பக்கத்தில் பக்கத்தில் வந்து, பல நேரம் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஒன்று இருப்பதிலேயே சாது, மற்றது கொடிய விஷம், திரையில் பார்த்தால் ஒரே பீக். அப்போது மாதிரியின் ஒரு பங்கில் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்து மறுபடி ஓட்டுவோம். மூவிணைதிறம் ஆக்சிஜனேற்றமாகி ஐந்திணைதிறமாகக் கடைசிப் பீக்குக்கு நகர்ந்துவிடும், ஆர்சனோபீட்டைன் அசையாமல் இருந்த இடத்திலேயே நிற்கும். மாமனாரைப் போன்றவர்களின் மாதிரியில் அந்த முதல் பீக் அப்படியே நின்று பார்க்கும்போது வரும் நிம்மதி எனக்கு இன்றும் குறையவில்லை.

துறையில் இருப்பவர்கள் வந்து பின்னூட்டத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். கார்பனோடு சேர்ந்த ஆர்சனிக் எல்லாமே சாது என்று நான் சொல்லவில்லை. மூவிணைதிற எம்எம்ஏ கனிம ஆர்சனிக்கைவிடவே மோசம் என்று எனக்கும் தெரியும். கடற்பாசியிலும் சிப்பியிலும் உள்ள ஆர்சனோசர்க்கரைகள் உடம்பில் டிஎம்ஏவாக மாறுவதால் வகை பிரித்த ரிப்போர்ட்டிலும் டிஎம்ஏ மட்டும் தூக்கலாக வரலாம். ஹிஜிகி என்ற கறுப்புக் கடற்பாசியில் கனிம ஆர்சனிக்கே நிறைய இருக்கிறது, பிரிட்டனில் அதைச் சாப்பிட வேண்டாம் என்று 2004இலேயே சொல்லிவிட்டார்கள். ஜப்பானிய உணவகத்தில் அது வந்தால் நான் தொடமாட்டேன். சூஷியில் சுற்றும் நோரி வேறு, அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இந்த விதியை வேறு உலோகத்துக்குக் கொண்டு போகவும் கூடாது. பாதரசத்தில் மீத்தைல் ஒட்டினால் தான் கொடுமை, 1956இல் ஜப்பானில் மினமாட்டா ஊரில் மீன் சாப்பிட்டவர்களுக்கு வந்த நோயாக வெளிவந்தது அதுதான். டின்னும் அப்படித்தான். உணவு டப்பாவில் பூசும் டின் பெரிய தொல்லை தராது, ஆனால் அதில் பியூட்டைல் என்ற கார்பன் துண்டு மூன்று சேர்ந்த டிரைபியூட்டைல் டின், கப்பல், படகு அடிப்பகுதிப் பெயின்டில் கலந்தது, தண்ணீரில் லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே பெண் நத்தைக்கு ஆண் உறுப்பு முளைக்கும். பிரான்சில் ஆர்காஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பே நொடித்துப் போன பிறகு 1982இல் சின்னப் படகுகளுக்கு அந்தப் பெயின்டைத் தடை செய்தார்கள், கப்பல்களுக்கு உலக அளவில் தடை நடைமுறைக்கு வர 2008 ஆகிவிட்டது. என் அப்பா செம்பவாங் பக்கம் கப்பல் பட்டறையில் அடிப்பகுதி சுரண்டிப் பெயின்ட் அடித்தவர். துறைமுகச் சேற்று மாதிரி கையில் வரும்போதெல்லாம் அவர் நினைவு வந்துவிடும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒரு ஆதங்கத்தையும் இங்கே கொட்டிக்கொள்கிறேன். நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் டிப்ளோமா படித்தவள். முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் நான் முறையை உருவாக்கி, பிரிக்கும் குழாயைத் தேர்ந்தெடுத்து, புதிதாக வந்த பட்டதாரிப் பையனுக்குக் கற்றும் கொடுத்தேன். ரிப்போர்ட்டில் கையெழுத்து அவனுடையது, சம்பளமும் என்னைவிட அதிகம். அவன் நல்ல பையன், அவன் மேல் வருத்தமில்லை. டிப்ளோமா தானே என்று மேலே இருந்தவர்கள் சொன்னார்கள் பாருங்கள், அது உறுத்துகிறது. பீக் எது, போலி எது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் யார் என்பதை எந்தச் சான்றிதழை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள்?

சரி, மாமனார் கதைக்கு வருகிறேன். டிரிப் வேண்டாம் என்று மறுத்துவிட்டு, பலதுறை மருந்தகத்து டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டு, ஒரு வாரம் கடல் உணவே இல்லாமல் இருக்கச் சொல்லி, வகை பிரித்துப் பார்க்க எழுதிக் கொடுத்தார். மொத்தம் மளமளவென்று இறங்கியிருந்தது, கனிமம் சார்ந்த மூன்றும் சேர்ந்தே அந்த 35க்கு எவ்வளவோ கீழே.

பொடி? மாமனார் அதைச் சில நாள் சாப்பிட்டு வயிற்றைப் பிரட்டுகிறது என்று எப்போதோ நிறுத்திவிட்டார், டப்பா மட்டும் அலமாரியில் கிடந்தது. கனிம ஆர்சனிக்கும் சில நாளில் சிறுநீரில் இறங்கிவிடும், மாதக்கணக்கான பழைய கதை நகத்திலும் முடியிலும் தான் தங்கும். ஆக அந்தச் சிவப்பு எழுத்துக்கும் பொடிக்கும் தொடர்பில்லை. ஆனாலும் காசு கட்டி முறைப்படி பொடியைச் சோதனைக்குக் கொடுத்தேன். சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் பாரம்பரிய மருந்துக்கு வைத்திருக்கும் வரம்பு ஆர்சனிக்குக்கு 5 பிபிஎம், அதாவது கிலோவுக்கு 5 மில்லிகிராம், பாதரசத்துக்கு 0.5 பிபிஎம். பொடி இரண்டையும் தாண்டியிருந்தது. இறாலில் இருந்தது போன்ற வகையும் இல்லை, அத்தனையும் கனிமம். சின்ன மாமாவிடம் இதைச் சொல்வது கஷ்டமாகத்தான் இருந்தது, அவர் அன்போடு கொண்டு வந்த பொருள். சித்த மருத்துவத்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். தாளகம், மனோசிலை, வெள்ளைப் பாஷாணம் என்ற ஆர்சனிக் பொருள்கள் ஒவ்வொன்றுக்கும் சுத்தி என்று தனித்தனி நச்சு நீக்கும் முறை எழுதி வைத்தவர்கள் அவர்கள். வெள்ளைப் பாஷாணம் என்ற ஆர்சனிக் டிரையாக்சைடையே ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் 2000இல் அனுமதித்தார்கள், ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பைக் கண்காணித்துக்கொண்டு ஏற்றுகிறார்கள். ஊர்க் கடையில் பெயர், முகவரி இல்லாத டப்பாவில் வாங்கியது சுத்தி ஆனதா இல்லையா என்று எப்படித் தெரியும்? என் கவலை அவ்வளவுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். மீன், இறால், நண்டு, கணவாய், இக்கான் பிலீஸ், கடற்பாசி எதுவும் ஒரு வாரத்துக்கு வேண்டாம், சம்பாலில் போடும் பெலாச்சான் என்ற இறால் விழுதும் கணக்கில் சேரும். பிறகு மறுபடி சிறுநீர் கொடுங்கள், வகை பிரித்து அளக்கும்படி டாக்டரிடம் கேளுங்கள். ஊரிலிருந்து வந்த பொடி, லேகியம் ஏதாவது சாப்பிட்டால் தூக்கிப் போட்டுவிடாமல் டப்பாவோடு அவரிடம் காட்டுங்கள். அதிலும் எண் குறையாவிட்டால் அப்போது தாமதிக்கக் கூடாது, சிறப்பு மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும். எண் இறங்கிவிட்டால் மீன் தலைக் கறியைத் தாராளமாகச் சாப்பிடலாம். ஃபில்டர் வேண்டாம். குடிநீரில் ஆர்சனிக்குக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், இங்கே குழாயில் வரும் தண்ணீர் அதற்கு உட்பட்டதுதான். அது போக, கடையில் விற்கும் சாதாரணக் கரி ஃபில்டர் ஆர்சனிக்கை அவ்வளவாகப் பிடிக்கவும் பிடிக்காது. அந்தக் காசை வகை பிரித்த பரிசோதனைக்குக் கொடுங்கள்.