டயர் ஒரு பக்கமாகத் தேய்வது ஏன்? – கேள்வி பதில்

கேள்வி: முன்சக்கர டயர்கள் உள் ஓரத்தில் மட்டும் தேய்கின்றன. அண்மையில்தான் அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்தல்) செய்தேன். டயர் தரமற்றதா?

பதில்: டயரைப் பழிக்கும் முன், அதன் மேற்பரப்பில் கம்பி எதுவும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, உள்ளங்கையால் குறுக்குவாக்கில் இரு திசையிலும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் ரம்பப் பல்லைப்போல இடறினால் டோ கோணம் (மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) பிசகியிருக்கிறது. இரு திசையிலும் வழவழப்பாக இருந்து உள் ஓரம் மட்டும் குறைந்திருந்தால் கேம்பரை (முன்னிருந்து பார்க்கையில் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) சந்தேகிக்கலாம். அலைன்மென்ட் செய்த பிறகும் தேய்மானம் தொடர்ந்தால், சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் இணைப்புகளான லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டை ராட் முனை ஆகியவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் இருந்தால், வண்டி நிற்கும்போது சரிசெய்த கோணம் ஓடும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் நிலைக்காது. ஆட்டத்தைச் சரிசெய்யாமல் செய்யும் அலைன்மென்ட் வீண்செலவு.

கேள்வி: இரண்டு ஓரங்களும் தேய்ந்து, நடுப்பகுதி மட்டும் நன்றாக இருக்கிறதே?

பதில்: காற்று குறைவு. நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். டயரின் பக்கச்சுவரில் பொறித்திருக்கும் அழுத்த அளவு உச்ச வரம்பு. நிரப்ப வேண்டிய அளவு ஓட்டுநர் கதவோரத்து ஒட்டியிலோ கையேட்டிலோ இருக்கும். டயர் சூடேறும் முன் அளக்க வேண்டும்.

கேள்வி: நைட்ரஜன் நிரப்பினால் தேய்மானம் சீராகுமா?

பதில்: ஆகாது. சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான்.

கேள்வி: மறுக்கிறேன். நைட்ரஜனுக்கு மாறிய பிறகுதான் என் டயர்களின் ஓரத் தேய்மானம் நின்றது.

பதில்: நின்றிருக்கலாம், ஆனால் மாற்றும்போது, அதுவரை குறைவாக இருந்த அழுத்தத்தையும் சரியான அளவுக்குக் கொண்டுவந்திருப்பார்கள் அல்லவா? அதே அளவுக்குச் சாதாரணக் காற்றை நிரப்பியிருந்தாலும் தேய்மானம் நின்றிருக்கும். நைட்ரஜனில் அழுத்தம் சற்று மெதுவாக இறங்கும் என்பதை ஏற்கிறேன். மாதம் ஒரு முறைகூட அழுத்தத்தைப் பார்க்காதவருக்கு அது ஓரளவு உதவும். கோணம் பிசகிய சக்கரத்துக்கு எந்த வாயுவும் உதவாது.

கேள்வி: டயரில் ஆங்காங்கே பள்ளம் விழுந்து, ஓடும்போது இரைச்சல் வருகிறது.

பதில்: ஷாக் அப்சார்பர் வலுவிழந்தால் சக்கரம் சாலையில் அழுந்தி ஓடாமல் துள்ளித் துள்ளி ஓடும், டயர் திட்டுத் திட்டாகத் தேயும். பேலன்சிங்கையும் (சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்பதையும்) பாருங்கள்.

கேள்வி: பேலன்சிங் செய்தால் உள் ஓரத் தேய்மானம் நிற்குமா?

பதில்: நிற்காது. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: மறுபடி அலைன்மென்ட் மட்டும் செய்து பார்க்கலாமா?

பதில்: முதலில் புஷ்ஷைப் பாருங்கள் என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

கேள்வி: முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றினால் போதாதா?

பதில்: ஏறத்தாழ 10,000 கி.மீ.க்கு ஒரு முறை இடம் மாற்றுவது நல்லதே; ஆனால் அது தேய்மானத்தைப் பகிர்ந்து கொடுக்குமே தவிர, காரணத்தை நீக்காது. தேய்ந்த ஓரம், டயரின் பள்ளங்களுக்குள் இருக்கும் 1.6 மி.மீ. தேய்மானக் குறியைத் தொட்டுவிட்டால், நடுப்பகுதி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த டயரைக் கழற்றிவிடுங்கள்.