கூட்டம் வேண்டாம் என்றால் பிக்கே பீக்

எட்டு நாள் லீவு, நேபாளம், கூட்டம் கூடாது, ஆனால் எவரெஸ்ட் கண்ணில் பட வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். யோசிக்காமல் பிக்கே பீக் போங்கள். எவரெஸ்ட் இருக்கும் சோலுகும்பு மாவட்டத்தின் தெற்கில், 4,065 மீட்டர் உயரத்தில், நடந்தே ஏறக்கூடிய மலை. எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போகிறவர்கள் பிடிக்கும் லுக்லா விமானத்துக்குக் காத்துக் கிடக்க வேண்டாம். காத்மாண்டுவிலிருந்து தாப் என்ற ஊர் வரை ஜீப்பில் ஒரு நாள். (முதுகுக்கு அதுதான் முதல் சோதனை.)

அப்புறம் நடைதான்: முதலில் ஜாப்ரே கிராமம், அடுத்து பிக்கே பேஸ் கேம்ப். இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று கால் பரபரக்கும், வேண்டாம். பேஸ் கேம்ப்பே 3,600 மீட்டருக்கு மேல். தலைவலியோடு வாந்தியும் வந்தால் அது உயரம் ஒத்துக்கொள்ளாததன் அறிகுறி, யோசிக்காமல் கீழே இறங்கிவிடுங்கள்.

விடியுமுன் தலை டார்ச்சோடு உச்சிக்கு ஏறுங்கள். பிரார்த்தனைக் கொடிகள் காதருகே படபடவென்று அடிக்கும், கையுறையைக் கழற்றி போட்டோ எடுப்பதற்குள் விரல் மரத்துப்போகும். உண்மையைச் சொன்னால், எவரெஸ்ட் தூரத்தில் சின்ன முக்கோணமாகத்தான் தெரியும். பக்கத்தில் நிற்கும் நும்பூர் சிகரம்தான் கண்ணை நிறைக்கும்.

இறக்கம் ஜுன்பேசி கிராமம் வழியாக பாப்லு என்ற ஊருக்கு. முழங்காலைப் பதம் பார்க்கும், ஸ்டிக் அவசியம். ரொக்கத்தை காத்மாண்டுவிலேயே எடுத்துவிடுங்கள். மாதம் சொல்லவில்லையே? ரோடோடெண்ட்ரான் பூக்கள் வேண்டுமென்றால் ஏப்ரல், தெளிந்த வானம் வேண்டுமென்றால் நவம்பர்.