'ஒன்றுமில்லை' என்கிறார்கள், எனக்கோ உயிர் போகிறது

கேள்வி: டாக்டர் அம்மா, எனக்கு வயது 34. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. எட்டு மாதம் முன்பு பஸ்ஸில் போகும்போது திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, விரல்கள் மரத்துப்போய், இதோ செத்துவிடுவேன் என்று தோன்றியது. அதன்பின் மூன்று முறை கேஷுவாலிட்டிக்கு ஓடினோம். ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் நார்மல். 'ஒன்றுமில்லை, டென்ஷன்தான்' என்கிறார்கள். இப்போது கணவர் கூட வராமல் பஸ் ஏறுவதில்லை. பையில் தண்ணீர் பாட்டிலும் மெடிக்கலில் வாங்கிய அல்பிரசோலம் என்ற பதற்ற மாத்திரையும் எப்போதும் இருக்கும். எல்லாம் என் கற்பனையா? மருந்து என்றால் ஆயுசு முழுக்கவா? என் மகளுக்கும் வருமா?

பெயர் வேண்டாத வாசகி, திருப்பூர்

பதில்: கற்பனை இல்லை அம்மா. அந்த 'ஒன்றுமில்லை' என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு வருத்தமாக இருக்கும். இதயத்தில் ஒன்றுமில்லை என்பது நல்ல செய்தி. ஆனால் உங்களுக்கு ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடாது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பேனிக் அட்டாக், அதாவது திடீர்ப் பயத் தாக்குதல் போலத்தான் தெரிகிறது. நேரில் பார்க்கும் மனநல மருத்துவர்தான் அதை உறுதி செய்ய வேண்டும்.

இதைத் தனி நோயாகப் பிரித்தறிய ஒரு வார்டின் நர்ஸுகளே உதவினார்கள். 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நியூயார்க் ஹில்சைட் மருத்துவமனையில் டொனால்ட் க்ளைன் என்ற மருத்துவர் இமிப்ரமின் என்ற புது மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். 'சாகப்போகிறேன்' என்று தினமும் பல முறை நர்ஸ் அறைக்கு ஓடிவரும் நோயாளிகள் அங்கே இருந்தார்கள். சில வாரம் கழித்துக் கேட்டால், மருந்தால் பலனில்லை என்றே அவர்கள் சொன்னார்கள். 'ஆனால் இப்போது ஓடி வருவதே இல்லையே' என்று கவனித்தவர்கள் நர்ஸுகள். நாள் முழுக்க இருக்கும் கவலை அப்படியே இருக்க, திடீர்த் தாக்குதல் மட்டும் நின்றிருந்தது. இரண்டும் வேறு என்று க்ளைன் எழுதினார். 1980-ல் அமெரிக்க மனநோய்ப் பட்டியலில் பேனிக் தனிப் பெயரோடு இடம் பிடித்தது.

'கோழைத்தனமா?' என்று உங்களையே கேட்டுக்கொள்ளும் நாட்களும் இருந்திருக்கும். அயோவா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2013-ல் வெளிவந்தது. மூளையில் பயத்தோடு நெருங்கிய தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதி, நோயால் இரு பக்கமும் அழிந்துபோன ஒரு பெண். பாம்பைப் பார்த்தாலும் பயம் வராது. அவரை 35 சதவீதம் கரியமில வாயு கலந்த காற்றை ஒரே ஒரு முறை இழுக்கச் சொன்னார்கள். முகமூடியைப் பிடுங்கச் சொல்லிக் கையாட்டி, உதவி கேட்டுக் கத்திவிட்டார். பாம்புக்கே பயப்படாதவரையும் உடம்புக்குள் இருக்கும் மூச்சு முட்டல் அலாரம் உலுக்கிவிடும். இதில் தைரியசாலி, கோழை என்ற பேச்சுக்கே இடமில்லை.

சரி, ஒரு முறை வந்தது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? ஆக்ஸ்ஃபோர்டில் டேவிட் கிளார்க் 1986-ல் தந்த விளக்கத்தைத்தான் நான் இன்றும் நோயாளிகளுக்குச் சொல்கிறேன். படபடப்பு வருகிறது. 'இது ஹார்ட் அட்டாக்' என்று மனம் படிக்கிறது. அந்தப் பயத்தில் படபடப்பு இன்னும் ஏறுகிறது. மூச்சும் வேகமாகிறது. அதனால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் குறுகுறுக்கும், தலை கிறுகிறுக்கும். அதைப் பார்த்துப் பயம் இரட்டிப்பாகும்.

என் அறைக்கு வந்த ஒரு லாரி டிரைவரை ஒரு நிமிடம் வேகமாக மூச்சு வாங்கச் சொன்னேன். நானும் கூடவே வாங்கினேன். பாதியிலேயே அவர் விரல்களை விரித்துப் பார்த்து, 'மேடம், இதேதான்!' என்றார். என் விரல்களும் குறுகுறுக்கின்றன என்றேன். நம்பாதவர்போல என் கையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றுதான் அவருக்குச் சிகிச்சை தொடங்கியது என்பேன். நீங்கள் இதைத் தனியாகச் செய்து பார்க்காதீர்கள், பயிற்சி பெற்றவர் முன்னால்தான் செய்ய வேண்டும். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய் இருந்தால், கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மருந்து ஆயுசு முழுக்க வேண்டியதில்லை. பேனிக்குக்கு நாங்கள் கொடுக்கும் எசிடலோபிராம், செர்ட்ராலின் போன்ற மருந்துகள் வேலை செய்யச் சில வாரம் ஆகும். முதல் சில நாள் படபடப்பு சற்றுக் கூடலாம், அதற்குப் பயந்துதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். குணமானபின் பல மாதம் தொடர்ந்து, அப்புறம் மெல்லக் குறைப்போம். அல்பிரசோலம் அப்படியில்லை. உடனே அடங்கும், ஆனால் பழக்கமாகிவிடும். தினமும் போட்டுவந்தால் திடீரென நிறுத்தாதீர்கள், வலிப்புகூட வரலாம். மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மெடிக்கலில் நீங்களாக வாங்குவது மட்டும் இனி வேண்டாம். கிளார்க் குழு 1994-ல் வெளியிட்ட ஆய்வில் 64 பேர் இருந்தார்கள். இமிப்ரமின் எடுத்தவர்களில் பலருக்கு அதை நிறுத்தியபின் திரும்பியது, பேச்சுச் சிகிச்சை எடுத்தவர்கள் 15 மாதம் கழித்தும் நன்றாக இருந்தார்கள். அதனால் மருந்து வேண்டுமென்றாலும் கூடவே சிபிடி என்ற இந்தப் பேச்சுச் சிகிச்சையையும் கேளுங்கள்.

மகளைப் பற்றி: பரம்பரைக்குப் பங்கு உண்டு, ஆனால் அம்மாவுக்கு இருப்பதாலேயே மகளுக்கு வந்துவிடாது.

உங்கள் கணவரும் பாட்டிலும் மாத்திரையும் உங்களைக் காப்பாற்றுவதாக மனம் நினைக்கிறது. அதனால், அவை இல்லாமலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று அறியும் வாய்ப்பே கிடைப்பதில்லை. சிகிச்சையில் அவற்றை ஒவ்வொன்றாக விடுவோம். முதலில் கணவர் பின் சீட்டில் உட்காரட்டும். அப்புறம் அடுத்த பஸ்ஸில் வரட்டும். தண்ணீர் பாட்டிலைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

அருகில் மருத்துவர் கிடைக்காவிட்டால் 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.