ஊராட்சிக் கணக்கை யாரிடம், எப்படிக் கேட்பது? – கேள்வி பதில்

கிராம ஊராட்சி நிர்வாகம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: எங்கள் ஊரில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கியதும் கிராம சபைக் கூட்டம் முடிந்துவிடுகிறது. கணக்குக் கேட்டால் "மனுவாக எழுதிக் கொடுங்கள்" என்கிறார்கள். – வாசகி, மணப்பாறை

மனு கொடுக்காதீர்கள், அம்மா. தருவதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம் என்று நாமே ஒப்புக்கொள்வதாகிவிடும். 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், வரவு செலவுத் திட்டத்துக்கும் முந்தைய ஆண்டின் தணிக்கை அறிக்கைக்கும் ஒப்புதல் தரும் பொறுப்பைக் கிராம சபையிடம்தான் கொடுத்திருக்கிறது. கூட்டத்திலேயே எழுந்து, "தணிக்கை அறிக்கையை வாசியுங்கள்; இல்லையென்றால் வாசிக்கவில்லை என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்" என்று கேளுங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும். புத்தகத்தில் ஏறியதற்கு என்றாவது ஒருவர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கடைசித் தீர்மானத்துக்குக் கீழே கோடு இழுக்கச் சொல்லுங்கள். தலைகளையும் எண்ணுங்கள்: மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும்.

கேள்வி: தலைவரின் பதவிக்காலம் முடிந்த ஊராட்சியில் யாரைக் கேட்பது? – வாசகர், ஆத்தூர்

2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். கிராம ஊராட்சிக்குத் தனி அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி). கிராம சபை அப்போதும் உண்டு. அங்கே அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் ஒரே அலுவலர் பல ஊராட்சிகளைச் சுமக்கும்போது எந்த ஊரின் குழாய் உடைந்தது என்பதுகூட அவருக்குத் தெரியாது. ஐந்து ஆண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 243-E பிரிவு சொல்வது இதனால்தான். 2016 முதல் 2019 வரையும் தேர்தல் நடத்தாமல் இப்படித்தான் இழுத்தார்கள். இது சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை.

கேள்வி: சிமென்ட் சாலை ஆறே மாதத்தில் பெயர்ந்துவிட்டது. தகவல் கேட்டேன், "தகவல் இல்லை" என்று பதில் வந்தது. – வாசகர், திண்டிவனம்

"ஏன் பெயர்ந்தது?" என்று கேட்டிருப்பீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் காரணம் கேட்டால் நழுவிவிடுவார்கள், ஆவணத்தைக் கேளுங்கள். பணி மதிப்பீடு, வேலை உத்தரவு, 'எம் புக்' எனப்படும் அளவுப் புத்தகம், பணம் வழங்கிய பற்றுச்சீட்டு ஆகியவற்றின் நகல்கள் போதும். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு; அதன் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். அளவுப் புத்தகத்தை நேரில் பார்வையிடவும் கேட்கலாம். அதில் எழுதிய கனத்தையும் சாலையின் கனத்தையும் டேப் வைத்து ஒப்பிடுங்கள், தம்பி.

கேள்வி: தெருவிளக்கு எரியவில்லை. எம்.எல்.ஏ.விடம் போகலாமா? – வாசகி, அரூர்

வேண்டாம். அது ஊராட்சியின் கடமை.

கேள்வி: மோசமான தலைவரை மக்களே நீக்க முடியுமா? – வாசகர், பல்லடம்

முடியாது. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் போன்ற மாநிலங்களில் உள்ளாட்சி அளவில் திரும்ப அழைக்கும் உரிமை உண்டு. நம் சட்டத்தில் இல்லை. 205-ஆவது பிரிவின்படி மாவட்ட ஆட்சியர் விளக்கம் கேட்டு, வட்டாட்சியர் மூலம் ஊராட்சி மன்றத்தின் கருத்தையும் பெற்று, தலைவரை நீக்கலாம். மக்கள் தேர்ந்தெடுத்தவரை நீக்கும் அதிகாரம் ஓர் அலுவலரிடம் இருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த முடிவும் மக்களிடமே இருக்க வேண்டும்.

கேள்வி: பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சியின் தலைவி நான். செயலர் பதிவேட்டைக் காட்டுவதில்லை. பணம் வழங்கத் துணைத் தலைவர் கையெழுத்திட மறுக்கிறார். மக்களுக்கு நான் எப்படிப் பதில் சொல்வது? – ஒரு தலைவி

வந்த கேள்விகளிலேயே என்னை அதிகம் வருத்தியது இதுதான். மதுரை மாவட்டம் மேலவளவில் 1997-இல் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவரையே வெட்டிக் கொன்றார்கள். அதே மாவட்டத்தில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996-இலிருந்து பத்து ஆண்டுகள் முறையான தேர்தலையே நடக்கவிடவில்லை. இன்று உங்களைத் தடுக்கப் பதிவேட்டைப் பூட்டி வைத்தாலே போதும் என்று நினைக்கிறார்கள்.

செயலரிடம் பதிவேட்டைத் தேதியிட்ட கடிதத்தில் கேளுங்கள், ஒப்புதல் கையெழுத்து வாங்குங்கள். துணைத் தலைவர் எந்தப் பணத்துக்கு, எந்த நாளில் கையெழுத்திட மறுத்தார் என்று பட்டியல் எழுதி ஆட்சியருக்குப் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். 203-ஆவது பிரிவின்படி அவர் தலையிட முடியும். 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவரை மற்ற சாதியினர் கடமை செய்யவிடாமல் தடுப்பது தனிக் குற்றம். கடிதத்தில் அதையும் குறிப்பிடுங்கள். அடுத்த கிராம சபையில் அந்தக் கடிதத்தை நீங்களே உரக்க வாசியுங்கள். குடிநீர் ஏன் வரவில்லை என்று உங்களைக் கேட்பவர்கள், அதைத் தடுத்தவர் யார் என்பதையும் அங்கேயே கேட்கட்டும்.