கொண்டோ புக் பண்ணப் போகிற தம்பிக்கு

தம்பி, நீங்கள் எழுதியது: கனடாவில் பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை) கிடைத்து இரண்டு வருடம், மனைவியும் நீங்களுமாகச் சேர்த்தது 120,000 டொலர், குடியிருப்பது இன்னும் ஒரு வீட்டின் பேஸ்மென்ற்றில் (நிலக்கீழ்த் தளத்தில்). ரொறன்ரோவின் ஸ்காபரோவில் கட்டப்போகிற கொண்டோ (அடுக்குமாடி வீடு) ஒன்றை முதலீடாகப் புக் பண்ணச் சொல்லி ஏஜென்ற் நிற்கிறார், சனிக்கிழமை செக் கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். நான் கொடுத்தவன்.

2021இல் ஒற்றை அறைக் கொண்டோவுக்கு 680,000க்குக் கையெழுத்து வைத்தேன். 20 வீத முற்பணத்தைத் தவணை தவணையாகக் கட்டினேன். 2024இல் திறப்பைத் தந்தார்கள். ஆனால் வீடு என் பெயரில் பதிவாகவில்லை. பதிவாகும்வரை மாதாமாதம் கட்டடக்காரருக்கு மிச்சக் காசின் வட்டி, சொத்து வரி, பராமரிப்பு என்று ஒரு கட்டணம். ஏழு மாதம் கட்டினேன். அதில் ஒரு சதமும் வீட்டு விலையில் கழியவில்லை.

பிறகுதான் அடி விழுந்தது. வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் பத்து நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு 580,000 என்று எழுதிவிட்டார். நான் புக் பண்ணும்போது கனடா மத்திய வங்கியின் வட்டி 0.25 வீதம், 2023 ஜூலையில் அது 5 வீதம். விலை இறங்காமல் என்ன செய்யும்? வங்கி 80 வீதம் தருவது மதிப்பீட்டு விலைக்குத்தான், நான் ஒப்புக்கொண்ட விலைக்கு இல்லை. 544,000 வரும் என்று இருந்தேன், வந்தது 464,000. துண்டு விழுந்த 80,000ஐ இருக்கிற வீட்டின் மேல் கடனாகவும், மச்சான் சீட்டெடுத்துத் தந்த காசாகவும் புரட்டினேன். அதோடு இன்னொரு 24,000. தானே குடியிருக்கிறவருக்கு விலையிலேயே கழிகிற எச்எஸ்டி (புது வீட்டு விற்பனை வரி) சலுகை, வாடகைக்கு விடுகிறவருக்குக் கழியாது. முதலில் கட்டிவிட்டு, ஒரு வருட வாடகை ஒப்பந்தத்தைக் காட்டி அரசிடம் திருப்பி எடுக்க வேணும்.

"வாடகையே மோட்கேஜை (வீட்டுக் கடனை) கட்டும்" என்று உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். என் கணக்கு இது: மோட்கேஜ் 2,450, பராமரிப்பு 520, சொத்து வரி 210. வாடகை 2,200. மாதம் 980 டொலர் என் சம்பளத்திலிருந்து போகிறது. மேலதிகமாக எடுத்த கடனின் வட்டி வேறு. ஏஜென்ற் தந்த தாளில் பராமரிப்பு என்று ஒரு வரியே இருக்கவில்லை. நானும் கேட்கவில்லை, அது என் பிழை. வாடகைக்கு இருக்கிறவர் ஒழுங்காகத் தந்தால்தான் இந்தக் கணக்கும். தராவிட்டால் என்4 என்கிற வாடகைப் பாக்கி நோட்டீஸ் கொடுத்துத் தவணை முடியும்வரை பொறுக்க வேணும், பிறகு வாடகை நியாயசபையின் விசாரணைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேணும். அந்த மாதங்களுக்கும் வங்கி விடாது.

உங்கள் இடத்தில் நான் என்றால், முதலில் குடியிருக்க ஒரு வீடு பார்ப்பேன், வாடகைக்கு விடச் சட்டப்படி அனுமதி எடுத்த பேஸ்மென்ற்றோடு. குடியிருக்கிற வீட்டுக்கு முற்பணம், விலையின் முதல் 500,000க்கு 5 வீதம், அதற்கு மேல் 1.5 மில்லியன்வரை 10 வீதம். 800,000 வீட்டுக்கு 55,000 போதும், மோட்கேஜ் காப்புறுதி தனி. முதலீட்டு வீட்டுக்கு 20 வீதத்துக்குக் குறைந்து நடக்காது. எஃப்எச்எஸ்ஏ என்கிற முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கில் வருடம் 8,000 போட்டு வரி குறைக்கலாம். அந்தக் காசும் குடியிருக்க வாங்கும் வீட்டுக்குத்தான் உதவும். இன்னொன்று, ஸ்காபரோ ரொறன்ரோ மாநகருக்குள் இருப்பதால் வீடு வாங்கும்போது கட்டுகிற நில மாற்று வரி இரண்டு தரம். 800,000க்கு ஒன்ராரியோவுக்கு 12,475, மாநகருக்கும் அதே 12,475. பிக்கரிங், ஏஜக்ஸ் பக்கம் போனால் ஒன்று மட்டும்.

இதில் முதல் வீட்டுக்காரருக்குக் கழிவு உண்டு, ஒன்ராரியோவில் 4,000வரை, மாநகரில் 4,475வரை. ஆனால் உலகத்தில் எங்கேயும் உங்கள் பெயரில் வீடு இருந்திருக்கக் கூடாது. நீங்கள் கலியாணம் கட்டிய பிறகு மனைவியின் பெயரிலும் இருந்திருக்கக் கூடாது. ஊரில் சீதன வீடு அவருடைய பெயரில் கிடக்கிறதா? இருந்தால் அதை வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லுங்கோ. எங்கட ஆட்கள் கனபேர் "அது கணக்கில் வராது" என்று நினைத்துக் கையெழுத்து வைக்கிறார்கள்.

ஏஜென்ற்றின் கரைச்சலில் ஏற்கெனவே கையெழுத்து வைத்துவிட்டீர்கள் என்றாலும் பயப்படாதேங்கோ. புதுக் கொண்டோவுக்கு, ஒப்பந்தமும், கட்டடக்காரர் விபரங்களை எழுதித் தருகிற வெளிப்படுத்தல் ஆவணமும் கைக்கு வந்ததிலிருந்து 10 நாள் இருக்கிறது. அதற்குள் எழுத்தில் விலகினால் காசு திரும்ப வரும். ஏஜென்ற் காட்டுகிற வழக்கறிஞர் வேண்டாம்; நீங்களே ஒருவரைத் தேடி, அந்தத் தாள்களைத் திங்கட்கிழமையே கொண்டுபோய்க் காட்டுங்கோ.