கையில் ஒரு கடிதம் இருக்கிறதா? காட்டுயிர் மீட்பு: வாசகர் கேள்வி-பதில்

கோடை வந்தால் போதும், கூட்டிலிருந்து குஞ்சுகள் விழும். பின்னாலேயே கடிதங்களும் வரும். இந்த முறை சட்டம் பற்றிய கேள்விகளே அதிகம்.

அடிபட்ட ஒரு பறவையை எடுத்து வைத்திருக்கிறோம். என்ன செய்ய வேண்டும்? உடனே பதில் தரவும்.

என்ன பறவை, எந்த ஊர், எத்தனை நாளாக உங்களிடம் இருக்கிறது? மூன்றையும் எழுதாமல் உடனே பதில் கேட்டால் ஜோசியரிடம்தான் போக வேண்டும். காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில், இருட்டில், சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 39-இன்படி, கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் வனத்துறைக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும். அடுத்த முறை படம் அனுப்புங்கள். பறவையைக் கையில் ஏந்தி நீங்கள் சிரிக்கும் படம் வேண்டாம், பறவை மட்டும் போதும்.

காக்காய்தானே, அதற்குமா சட்டம்?

காகம், எலி, பழந்தின்னி வௌவால் எல்லாம் ‘தொல்லை உயிர்கள்’ என்று பாதுகாப்பில்லாமல் இருந்த, அதே சட்டத்தின் பழைய ஐந்தாம் அட்டவணையே இப்போது இல்லை. 2022 திருத்தம் அதை எடுத்துவிட்டது. 2023 ஏப்ரல் முதல் அதுதான் நடப்பு. ‘காக்காய்தானே’ என்ற பேச்சு இனி எடுபடாது.

மரம் வெட்டியபோது கிடைத்த பச்சைக்கிளிக் குஞ்சு இப்போது அழகாகப் பேசுகிறது. பிள்ளைகளுக்குப் பிரிய மனமில்லை. எங்கள் பெயரிலேயே பதிவு செய்ய வழி உண்டா?

இல்லை. பச்சைக்கிளி சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில், இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. நீங்கள் செய்தது முதல் இரண்டு நாள் மீட்பு, அதன் பிறகு வளர்ப்பு. வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைத்து, எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள்.

தோட்டத்தில் கிடந்த மயில் முட்டைகளை நாட்டுக்கோழியிடம் அடைவைத்தேன். குஞ்சுகள் நன்றாக இருக்கின்றன. தவறா?

தவறுதான். மயில் முதல் அட்டவணை, அதாவது அதிகப் பாதுகாப்புள்ள பட்டியல். முட்டையை எடுப்பதையும் சட்டம் வேட்டைக் கணக்கில்தான் சேர்க்கிறது. மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். மயில் பயிரை மேய்கிறது என்ற உங்கள் வருத்தம் நியாயமானது, ஆனால் அது வேறு விண்ணப்பம். இன்றே வனவரைக் கூப்பிடுங்கள்.

பல வருடமாக வீட்டு மாடியில் அடிபட்ட பறவைகளுக்குச் சிகிச்சை பார்க்கிறேன். வனத்துறை ஊழியர்களே ராத்திரியில் கொண்டுவந்து தருகிறார்கள். ஆனால் உரிமம் கேட்டால் அப்படி ஒன்று கிடையாது என்கிறார்கள். உண்மையா?

உண்மைதான். இதைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறாது. நம் சட்டத்தில் விலங்குக்காட்சிசாலை உண்டு. 2022 திருத்தத்துக்குப் பின் மீட்பு மையமும் அந்த வரையறைக்குள்தான், மத்திய விலங்குக்காட்சிசாலை ஆணையத்தின் அங்கீகாரம் வேண்டும். ஒரு தன்னார்வலர், நாலு கூண்டு, பக்கத்துத் தெரு கால்நடை மருத்துவர் என்று நடக்கும் வேலைக்குச் சட்டத்தில் பெயரே இல்லை. காட்டு விலங்கு அரசின் சொத்து. தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம். அவ்வளவுதான்.

பலன் என்ன? ஆந்தையைக் கொண்டுவந்து தந்த வனக்காப்பாளர் மாற்றலாகிப் போவார். புதிதாக வந்தவர் ‘யாரைக் கேட்டு வைத்தாய்?’ என்பார். உத்தரப்பிரதேசம் அமேதியில், 2022-இல் கால் உடைந்த சாரஸ் கொக்கை ஓர் இளைஞர் தேற்றினார். அது அவர் பின்னாலேயே பறந்து திரிந்தது. 2023 மார்ச்சில் வனத்துறை அதைப் பிடித்துச் சரணாலயத்தில் விட்டது. கடைசியில் கான்பூர் காட்சிசாலைக் கூண்டுக்குப் போனது. இளைஞர் மீது வழக்கு. பறவையை அவ்வளவு பழக்கியதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் முறையாகச் செய்ய விரும்பியிருந்தாலும் அவர் எந்தப் படிவத்தை நிரப்பியிருக்க முடியும்?

அமெரிக்காவில் வலசைப் பறவைகளுக்கென்றே மத்திய அரசின் மறுவாழ்வு உரிமம் இருக்கிறது. 18 வயது, நூறு மணி நேர அனுபவம், ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்கத் தனி அனுமதி. உரிமம் இல்லாதவரும் அடிபட்ட பறவையை எடுத்து உடனே உரிமம் உள்ளவரிடம் சேர்க்கலாம். பிரிட்டனின் 1981 சட்டம், அடிபட்ட பறவையைத் தேற்றி, குணமானதும் விட்டுவிடும் நோக்கத்தில் யாரும் எடுக்க இடம் தருகிறது. கெடுபிடி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கெடுபிடியே வரட்டும், ஆனால் நுழைய ஒரு வாசல் இருக்கட்டும். சென்னைக் கடற்கரையில் 1988 முதல் பங்குனி ஆமை முட்டைகளைக் காக்கும் மாணவர்கள் வனத்துறையோடு சேர்ந்துதான் செய்கிறார்கள். முடியாத காரியமல்ல.

நம் ஆட்களும் சும்மா இல்லை. ஆந்தைக் குஞ்சுக்குத் தொப்பி போட்டு ரீல்ஸ் போடும் ஒருவரால், ஒழுங்காக வேலை பார்க்கும் பத்துப் பேர் மீது சந்தேகம் விழுகிறது.

அப்படி ஒரு வாசல் திறக்கும்வரை நீங்கள் செய்ய வேண்டியது: மாவட்ட வன அலுவலருக்குக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். பதிவேடு வையுங்கள்: தேதி, கிடைத்த இடம், இனம், எடை, மருந்து, முடிவு. ராத்திரியில் கொண்டுவருபவரிடம் ஒரு வரியாவது எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தியானாலும் பரவாயில்லை, வாய்வார்த்தை வேண்டாம்.

பிடித்த பாம்பை எவ்வளவு தூரம் தள்ளி விடலாம்? நண்பர்கள் காட்டில் விடச் சொல்கிறார்கள்.

முதலில், பிடிக்க உங்களுக்கு அனுமதி இருக்கிறதா? சட்டப்படி பிடிப்பதும் வேட்டைதான். கேரளத்தில் வனத்துறையே பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் தருகிறது. சர்ப்பா செயலியில் அப்படிப்பட்டவர்களைத்தான் கூப்பிட முடியும். இங்கே தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ கூப்பிடுங்கள். விடுவதானால் கிடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே. ஊர்ச் சாரையைக் கொண்டுபோய் மலைக்காட்டில் விட்டால் இரையும் தெரியாது, பொந்தும் தெரியாது.

தேனியில் கிடைத்த கூகையைச் சென்னை நண்பருக்கு ஆம்னி பஸ்ஸில் அனுப்பலாமா?

கூடாது. கொண்டுபோகவும் அனுமதி வேண்டும். பிடிபட்டால் பஸ்காரரும் பதில் சொல்ல வேண்டிவரும்.

ஆப்பிரிக்க சாம்பல் கிளி வைத்திருக்கிறேன். மீட்டது அல்ல, வாங்கியது.

அப்படியானால் தப்பான பகுதிக்கு எழுதியிருக்கிறீர்கள். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தீர்களா என்று பாருங்கள். அதற்குக் கொடுத்த ஆறு மாதம் 2024 ஆகஸ்ட்டோடு முடிந்தது.

அணில் குஞ்சுக்குப் பசும்பால் கொடுக்கலாமா?

கூடாது, கூடாது, கூடாது. உடம்பு சில்லிட்டிருந்தால் முதலில் சூடு, பிறகுதான் உணவு. கூட்டைத் தேடிப் பாருங்கள், தாய் வந்து தூக்கிப் போக ஓரிரு மணி நேரம் கொடுங்கள். வராவிட்டால் வனச்சரக அலுவலகத்துக்கு ஃபோன் போடுங்கள்.