மே மாதத்தில் குற்றாலம் போய் ஏமாந்தவருக்கு

மதுரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். போன வருஷம் முழுப்பரீட்சை லீவில் குடும்பத்தோடு குற்றாலம் போனார்களாம், பேரருவியில் வெறும் பாறைதான் இருந்ததாம். சரி என்று நவம்பரில் ராமேஸ்வரம் போனால், லாட்ஜ் ஜன்னலில் மழையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. வீட்டில் பத்து வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள், முட்டிவலி உள்ள மாமியார், ஒரு சின்ன கார். "வருஷத்துக்கு நாலு தடவைதான் கிளம்ப முடியும். எந்த மாசம் எங்கே போனால் காசு வீணாகாது?" என்று கேட்கிறார்.

டூர் வேன் ஏற்பாடு செய்து கொடுக்கிற தொழிலில் இருப்பதால் இந்தக் கேள்வி எனக்கு வாரம் ஒரு தடவையாவது வரும். ஏமாறுகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு ஒன்றுதான்: பள்ளிக்கூட லீவைப் பார்த்து நாளைக் குறித்துவிட்டு அப்புறம் ஊரைத் தேடுகிறார்கள். நம் பக்கத்தில் ஊரைத் தீர்மானிப்பது காற்று. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மேல்காற்று, அதாவது தென்மேற்குப் பருவம். அந்த மழையைக் கேரளப் பக்கத்து மலையே பெரும்பாலும் வாங்கிக்கொள்ளும், மதுரைக்கு வெறும் புழுதிதான். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வாடைக்காற்று. தமிழ்நாட்டின் வருஷ மழையில் ஏறக்குறைய பாதி இந்த மூன்று மாதத்தில்தான் பெய்கிறது. மதுரையில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி, மேற்கே மலையும் கிழக்கே கடலும் மூன்று நான்கு மணி நேரத்தில் வந்துவிடும். எந்தக் காற்று அடிக்கிறதோ அதற்குத் தோதான பக்கம் போனால் போதும்.

முதலில் குற்றாலம், ஏனென்றால் உங்களுக்கு அதில்தான் கோபம் அதிகம். செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவு பக்கம் மலை தாழ்ந்து ஒரு கணவாய் இருக்கிறது. மற்ற இடங்களில் மலையில் முட்டி அந்தப் பக்கமே கொட்டிவிடுகிற மேகம், இந்த இடைவெளி வழியாக நம் பக்கம் எட்டிப் பார்க்கும். அதுதான் சாரல். வெயில் அடிக்கும்போதே முகத்தில் பூமாதிரி விழும், சட்டை நனையாது, ஆனால் தலைமுடியில் முத்து முத்தாக நிற்கும். மேலே காட்டுக்குள் பெய்கிற மழைதான் அருவியாக வருகிறது, கீழே தென்காசியில் ஒரு சொட்டு விழாவிட்டாலும். ஆகவே மே முதல் வாரத்தில் அருவி வறண்டு கிடந்ததில் ஆச்சரியமே இல்லை. ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை போங்கள். சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம், வரிசையில் நின்று அரை நிமிஷம் தலையை நனைத்துவிட்டு வருவதற்கு வீட்டுக் குழாயே மேல். ஒரு புதன்கிழமை பிள்ளைகளுக்கு லீவ் லெட்டர் எழுதிக்கொடுங்கள், ஆசிரியர்கள் என்னை மன்னிக்கட்டும். மாமியாருக்குப் பேரருவிதான் சரி. குற்றாலநாதர் கோவிலை ஒட்டியே இருக்கிறது, நடை குறைவு, பெண்களுக்குத் தனி இடம் உண்டு. மேலிருந்து விழுகிற தண்ணீர் நடுவில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து வேகம் தணிந்து வருவதால்தான் அதன் அடியில் நம்மால் நிற்க முடிகிறது. பழைய குற்றாலத்தில் படிகள் இருக்கின்றன, முட்டிவலிக்கு ஆகாது.

இதில் ஒரு எச்சரிக்கை. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். சீசன் தொடங்காத மாதத்தில்தான் இது நடந்தது, கோடை மழை மேலே கொட்டினால் கீழே அப்படித்தான் வரும். குளித்துக்கொண்டிருக்கும்போது தண்ணீர் செம்மண் நிறமாக மாறினாலோ, சருகும் குச்சியும் சேர்ந்து வந்தாலோ, போலீஸ் விசில் அடிக்கும் வரை காத்திருக்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓரத்துக்கு வந்துவிடுங்கள். செருப்பு போனால் போகட்டும்.

சரி, மே மாத லீவுக்கு என்ன செய்வது? பிள்ளைகள் தண்ணீர்தான் கேட்பார்கள். பாபநாசத்துக்கு மேலே அகஸ்தியர் அருவி இருக்கிறது, தாமிரபரணி தண்ணீர், வருஷம் பூராவும் விழும். குற்றாலத்தில் ஏமாந்த எத்தனையோ வேன்களை இங்கே திருப்பிவிட்டிருக்கிறேன். வனத்துறை செக்போஸ்ட் தாண்டித்தான் போக வேண்டும், பையைத் திறந்து பார்ப்பார்கள், ஷாம்பு, பிளாஸ்டிக் எல்லாம் அங்கேயே நின்றுவிடும். காட்டுப் பாதை என்பதால் சில நாட்களில் மூடியும் வைப்பார்கள், கிளம்புவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள். மாமியாரால் அருவிக்கு ஏற முடியவில்லை என்றால் கீழே பாபநாசநாதர் கோவில் படித்துறையில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொள்ளலாம். (குளித்த பழைய துணியை ஆற்றில் விட்டால் பாவம் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஆறுதான் பாவம்.) ஆடி அமாவாசையை ஒட்டி மட்டும் அந்தப் பக்கம் தலைவைக்க வேண்டாம், காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு ஊரே திரண்டு வரும்.

மே மாதம் கொடைக்கானல்? போகலாம், வத்தலக்குண்டு தாண்டியதிலிருந்து முன்னால் போகிற பஸ்ஸின் பின்பக்கத்தை மூன்று மணி நேரம் பார்க்கத் தயார் என்றால். 2024 மே மாதத்திலிருந்து சொந்த வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும், இலவசம்தான், ஆன்லைனில் கிடைக்கும். 2025 கோடையில் வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் கணக்கும் வைத்தது. அரசு பஸ்ஸில் போனால் பாஸ் பிரச்சினை இல்லை. என்னைக் கேட்டால் கொடைக்கானலுக்குப் பிப்ரவரிதான். குளிர் இருக்கும், மழை இருக்காது, பூ கொஞ்சம் குறைவு, ரூம் வாடகையும் குறைவு. கோக்கர்ஸ் வாக் பெரும்பாலும் சமதளம், மாமியார் மெதுவாக நடந்துவிடுவார். குறிஞ்சியைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டால் 2018-இல் பூத்தது, அடுத்தது 2030 என்று சொல்லிவையுங்கள்.

அக்டோபர், நவம்பரில் அருவி, கடல், மலை மூன்றையும் விட்டுவிடுங்கள். மலைப்பாதையில் மண் சரியும், அருவியைக் கயிறு கட்டி மூடுவார்கள், கடல் கொந்தளிக்கும். அதற்காக வீட்டில் இருக்க வேண்டாம், கூரைக்குக் கீழே பார்க்கிற ஊருக்குப் போங்கள். காரைக்குடி தொண்ணூறு கிலோமீட்டர்கூட இல்லை. கானாடுகாத்தானில் செட்டிநாட்டு வீடுகளை வெயிலில் பார்ப்பதைவிட மழையில் பார்ப்பதுதான் அழகு, நடு முற்றத்தில் நாலு பக்கத்து ஓட்டிலிருந்தும் தண்ணீர் விழும். அப்படியே ஆத்தங்குடிக்குப் போய் தரைக்கல் செய்வதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதில் பூ அச்சைப் பொருத்தி, கலர் சிமெண்டை அகப்பையால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கினதும் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்கும். மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைப்பார்கள். அப்புறம் கண்ணாடியைக் கழற்றினால் கல் பளபளவென்று இருக்கும், சூளையும் கிடையாது, பாலிஷும் கிடையாது. என் கூட வந்த ஒரு குட்டிப்பெண் அந்த இடத்தை விட்டு நகரவே மாட்டேன் என்று அடம்பிடித்தாள். அவ்வளவு தூரம்கூட முடியாத ஞாயிற்றுக்கிழமைக்குக் கீழடி அருங்காட்சியகம் இருக்கிறது, அரைநாள் போதும்.

ராமேஸ்வரத்தை ஜனவரி கடைசியிலிருந்து மார்ச்சுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு. தனுஷ்கோடி போகும்போது கார் ஜன்னலின் இரண்டு பக்கமும் கடல் வரும், வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். வாடைக்காற்றில் பெண்கடல் சீறும், மேல்காற்றில் ஆண்கடல் சீறும், இரண்டும் ஓரளவு அடங்கி இருப்பது இந்த இடைப்பட்ட மாதங்களில்தான். 1964 டிசம்பர் புயலில் இடிந்துபோன தேவாலயச் சுவர் இன்னும் நிற்கிறது. அரிச்சல்முனையில் குளிக்க இறங்காதீர்கள், சாயங்காலம் இருட்டும் முன்பே கிளம்பிவிடுங்கள்.

அதே மாதங்களில், காசு செலவே இல்லாத இன்னொரு இடம் கூந்தன்குளம். திருநெல்வேலிக்குத் தெற்கே, நாங்குநேரி வட்டத்தில். பறவைகள் குளத்தில் மட்டும் இல்லை, ஊருக்குள் வீட்டுக் கொல்லை மரத்திலேயே கூடு கட்டும், ஊர்க்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. மாமியாருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுபோங்கள், நடக்கவே தேவையில்லை. மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணீர் வந்து குளம் நிறைந்த வருஷத்தில்தான் பறவை நிறைய இருக்கும், மழை பொய்த்த வருஷம் போகாதீர்கள்.

ஆகவே உங்கள் நாலு தடவை என் கணக்கில் இப்படி: ஜூலையில் ஒரு புதன்கிழமை குற்றாலம், காலாண்டு லீவில் காரைக்குடி, பிப்ரவரியில் ராமேஸ்வரம் அல்லது கூந்தன்குளம், மே மாதம் பாபநாசம். கொடைக்கானல் ஐந்தாவது, போனஸ் வந்தால்.

கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி "அருவியில் தண்ணீர் விழுகிறதா" என்று லாட்ஜில் கேட்காதீர்கள், அவர்கள் வருஷத்தில் 365 நாளும் விழுகிறது என்பார்கள். தென்காசியில் தெரிந்த ஆட்டோக்காரர் நம்பர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். "சும்மா ஒழுகுது, அடுத்த வாரம் வாங்கக்கா" என்று சொல்கிற ஆள் அவர் ஒருவர்தான்.